ஏழாம் வகுப்புக் கட்டுரையை ஏஐ கையில் கொடுக்கலாமா?

மொட்டைமாடி (வேளச்சேரி) | ஜூலை 4, இரவு 9.50

நேரா கேட்டுடறேன். பொண்ணு ஏழாவது, தமிழ் ரெண்டாம் மொழி. தலைப்பு "மழைக்காலத்தில் எங்கள் ஊர்", நூறு சொல். க்ளாஸ் வாட்ஸப் குரூப்ல வந்த கட்டுரைகள்ல பாதிக்கு முதல் வரி ஒண்ணுதான்: "மழை இயற்கையின் வரப்பிரசாதமாகத் திகழ்கிறது." எல்லாம் ஏஐன்னு பார்த்தாலே தெரியுது. அடியோட தடுக்கறதா, இல்ல ஏதாவது ஒரு அளவுக்கு விடலாமா? "காலம் மாறிடுச்சு", "மூளை மழுங்கிடும்" ரெண்டும் கேட்டாச்சு. வேற ஏதாவது உருப்படியா இருந்தா சொல்லுங்க.

சிவப்புமை | ஜூலை 4, இரவு 10.30

கட்டுரை என்பது ஒரு வேலை இல்லை, நாலு வேலை. என்ன சொல்வது என்று தேடுவது, எது முதலில் எது பிறகு என்று வரிசை போடுவது, வாக்கியமாக்குவது, பிழை பார்ப்பது. முதல் மூன்றும் பிள்ளையின் வேலை. அதை வேறு யார் செய்தாலும், அம்மாவோ டியூஷன் மிஸ்ஸோ ஏஐயோ, பிள்ளைக்கு அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. நாலாவதைக் கொடுக்கலாமே என்று தோன்றும். தமிழில் அதிலும் வம்பு இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு வரை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

ழகரம் | ஜூலை 4, இரவு 11.05

"வரப்பிரசாதமாகத் திகழ்கிறது" ஏஐ கண்டுபிடிச்சது இல்லைங்க ஐயா. நோட்ஸ் புத்தகத்துல இருந்து வந்தது. ஏஐ அதைப் பொறுக்கி எல்லார் வீட்டுக்கும் டெலிவரி பண்ணுது, அவ்வளவுதான்.

சிவப்புமை | ஜூலை 5, காலை 6.40

ஒப்புக்கொள்கிறேன். முன்னுரை, மூன்று உட்தலைப்பு, முடிவுரை, நடுவில் ஒரு குறள்: இந்த அச்சை வார்த்துக் கொடுத்தது தமிழாசிரியர்கள் நாங்கள்தான். "ஒரு பேனா பேசுகிறேன்" என்று தன்வரலாறு எழுதச் சொல்லிவிட்டு, இயந்திரம் தன்னைப் பேனாவாகப் பாவித்து எழுதித் தந்தால் யாரைக் குறை சொல்வது? அதற்கும் பேனா பிடிக்கக் கை கிடையாது.

சரி, மொட்டைமாடி அம்மாவுக்கு உதவுகிற மாதிரி ஒன்று. விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு வரி. ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படித்தான் பேசும்:

"எங்க தெருவுல மழ வந்தா கொசு பேட் விக்கிறவரு மொதல்ல வருவாரு. அப்பறம்தான் தண்ணி வரும்."

இதை எழுத்துத் தமிழாக்க எவ்வளவு வேலை?

"எங்கள் தெருவில் மழை வந்தால் கொசு பேட் விற்பவர் முதலில் வருவார். அப்புறம்தான் தண்ணீர் வரும்."

சொற்களின் உருவம் மாறியது. வரிசை அப்படியே இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அந்த "அப்புறம்தான்" மட்டும் இருந்தால் போதும், தெருவில் தண்ணீர் நிற்பது வழக்கம் என்று சொல்லாமலே தெரிகிறது. இதையே ஏஐயிடம் கொடுத்து "நல்ல தமிழில் மாற்று" என்று கேளுங்கள். "மழைக்காலங்களில் எங்கள் பகுதியில் நீர் தேங்குவதும் கொசுத் தொல்லை அதிகரிப்பதும் பொதுவான பிரச்சினைகளாகும்" என்கிற ரகத்தில் ஒன்று வரும். பிழை கிடையாது. ஆளும் கிடையாது. விற்பவர் போய்விட்டார், பேட் போய்விட்டது, தெரு "பகுதி" ஆகிவிட்டது.

ரெண்டாம் மொழியாகத் தமிழ் படிக்கும் சென்னைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சொல்ல விஷயம் உண்டு, பேச்சும் உண்டு. பேச்சிலிருந்து எழுத்துக்கு ஏறுகிற படிதான் உடைந்திருக்கிறது. "விக்கிறவரு" எப்படி "விற்பவர்" ஆகிறது என்பதைப் பிள்ளை தன் கையால் ஐம்பது முறை செய்தால் படி சரியாகும். ஏஐ அந்தப் படியில் லிஃப்ட் போட்டுவிடுகிறது.

மொட்டைமாடி | ஜூலை 5, காலை 7.15

லிஃப்ட் சரி. கரண்ட் போனா? பரீட்சை ஹால்ல போன் கிடையாதே.

சிவப்புமை | ஜூலை 5, காலை 7.20

அதைத்தான் சொல்ல வந்தேன். பத்தாம் வகுப்பில் குறிப்புகளைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள், படத்தைக் கொடுத்துக் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்பார்கள். பேனா, தாள், சுவர்க் கடிகாரம். அவ்வளவுதான்.

ழகரம் | ஜூலை 5, மதியம் 1.40

ஏஐ தமிழ் ஏன் இப்படி இருக்குன்னு கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

அது எழுத்து எழுத்தாப் படிக்காது. எழுதினதைத் துண்டு துண்டா வெட்டித்தான் உள்ளே எடுத்துக்கும். ஆங்கிலத்துல சாதாரணச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ்ல அப்படி இல்ல. "எழுத்தாளர்" எடுத்துக்குங்க. நமக்கு ஆறு எழுத்து: எ, ழு, த், தா, ள, ர். யுனிகோடு கணக்குல பத்துக் குறி, ஏன்னா "ழு"ங்கிறது ழ-வும் உகரக் கொக்கியும், "த்"ங்கிறது த-வும் புள்ளியும். கம்ப்யூட்டர்ல சேமிக்கும்போது ஒரு குறிக்கு மூணு பைட், ஆக முப்பது. வெட்டு எங்க விழும்னு சொல்ல முடியாது. புள்ளி ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் போகலாம். எழுத்து எண்ணச் சொன்னா, சீர் பிரிக்கச் சொன்னா, எதுகை கேட்டா அது தடுமாறுறதுக்கு இது ஒரு காரணம்.

ரெண்டாவது காரணம் தீனி. அது படிச்ச ஆங்கிலம் மலை, தமிழ் மடு. அந்த மடுவுலயும் செய்தியும் மொழிபெயர்ப்பும் நிறைய. "முக்கிய பங்கு வகிக்கிறது", "என்று வரும்போது", "வெறும் மழை அல்ல, அது ஒரு..." இதெல்லாம் அந்த வழியா வர்றது. பிள்ளை நோட்டுல "என்று வரும்போது" இருந்தா எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. ஏழாவது படிக்கிற யாரும் அப்படிப் பேச மாட்டாங்க.

சிவப்புமை | ஜூலை 5, இரவு 9.10

நேற்றுச் சொன்ன வம்பு: பிழை திருத்தம்.

வல்லினம் மிகும் இடத்தில் ஏஐயை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள். சில இடத்தில் சரியாகச் சொல்லும், அடுத்த வரியிலேயே கவிழ்க்கும், இரண்டையும் ஒரே தைரியத்தோடு. சோதிக்க நாலே நாலு:

"படித்துப் பார்த்தான்": ப் வேண்டும். "செய்து பார்த்தான்": ப் கூடாது. "பழைய பாடம்": பெயரெச்சம், ப் கூடாது. "கற்க கசடற": வியங்கோள், க் கூடாது. கடைசியை "கற்கக் கசடற" என்று "திருத்தி"த் தந்தால் வள்ளுவருக்கே சிவப்பு மை.

இதற்கென்றே விதி எழுதிச் செய்த கருவிகள் தமிழில் இருக்கின்றன. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி. இரண்டும் கட்டுரை எழுதித் தராது, பிழையை மட்டும் காட்டும். பிள்ளைக்கு அதுதான் நல்லது. சொல்லுக்குப் பொருளும் அது வரும் வாக்கியமும் வேண்டுமென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு வந்தது, இப்போதும் வீட்டில் வைக்கத் தகுந்த ஒரே தடிப் புத்தகம் என்பேன்.

குறள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு குறள் போட வேண்டும் என்பதற்காக ஏஐயைக் கேட்டால் சில நேரம் இல்லாத குறளை உருட்டித் தரும், அல்லது எண்ணை மாற்றித் தரும். இரண்டு சோதனை. ஒன்று, சீர் எண்ணுங்கள். முதலடி நாலு, இரண்டாமடி மூன்று, மொத்தம் ஏழு. ஆறோ எட்டோ வந்தால் தூக்கிப் போடுங்கள். இரண்டு, குறள் எண்ணைப் பத்தால் வகுத்து மீதியை விட்டு ஒன்று கூட்டினால் அதிகாரம். 391-க்கு 39 + 1 = 40, கல்வி. அதிகாரத்தின் பெயர் பொருந்துகிறதா பாருங்கள். பிறகு புத்தகத்தில் பார்த்தே எழுத வேண்டும்.

ழகரம் | ஜூலை 5, இரவு 9.35

ஐயா, 400 போட்டுப் பாருங்க. 40 + 1 = 41, கல்லாமை. ஆனா 400 கல்வி அதிகாரத்தோட கடைசிக் குறள்.

சிவப்புமை | ஜூலை 5, இரவு 9.50

தலையில் குட்டிக்கொண்டேன். முதலில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். 399, 39, 40. கல்வி. தமிழாசிரியனின் கணக்கை ஏஐயிடம் கொடுத்துத் திருத்தலாம், ஆட்சேபணை இல்லை.

மொட்டைமாடி | ஜூலை 6, இரவு 8.30

ஸ்கூல்ல "டிடெக்டர்ல போட்டுப் பார்ப்போம், மாட்டினா ஜீரோ"ன்னு சொல்லியிருக்காங்களாம். அது நம்பகமா?

ழகரம் | ஜூலை 6, இரவு 10.15

இல்ல. அதுவும் தமிழ்ல, அதுவும் பசங்க எழுத்துல, சுத்தமா இல்ல.

சாட்ஜிபிடி பண்ணின ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில ஒரு கண்டுபிடிப்பான் விட்டாங்க. அவங்க சொன்ன கணக்குப்படியே ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தைத்தான் அது பிடிச்சது. மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்தைத் தப்பா ஏஐன்னு சொல்லிச்சு. சின்னப் பசங்க எழுத்துலயும் ஆங்கிலம் அல்லாத மொழியிலயும் தப்பாகும்னு அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. அந்த வருஷம் ஜூலையில துல்லியம் போதாதுன்னு இழுத்து மூடிட்டாங்க.

அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல ஒரு ஆய்வு. ஏழு கண்டுபிடிப்பான்கள்ல டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரை 91 போட்டுப் பார்த்தாங்க. எல்லாம் ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க கையால எழுதினது. சராசரியா 61 சதவீதம் "ஏஐ"ன்னு வந்தது. காரணம் லேசுதான். இந்தக் கருவி அடுத்த சொல் எவ்வளவு எளிதா ஊகிக்க முடியுதுன்னு பார்க்கும். புதுசா ஒரு மொழி கத்துக்கறவங்க தெரிஞ்ச சொல்லையே திரும்பத் திரும்பப் போடுவாங்க, அதனால மாட்டுவாங்க. ரெண்டாம் மொழியா தமிழ் எழுதற பிள்ளையும் அதே நிலைதான்.

"ஜீரோ"ன்னு வந்தா இதைக் காட்டிப் பேசுங்க. ஆனா அதைவிட நல்லது முதல் வரைவுத் தாளைக் கிழிக்காம வச்சிருக்கறது. அடிச்சு எழுதினது, நடுவுல செருகினது எல்லாத்தோடயும்.

சிவப்புமை | ஜூலை 7, காலை 6.30

கருவி வேண்டாம், கண் போதும். போனைப் பார்த்துக் காப்பி அடித்த நோட்டுக்கு அடையாளம் உண்டு. கடினச் சொல் சரியாக இருக்கும், எளிய சொல் தப்பாக இருக்கும். "இன்றியமையாதது" பிழையில்லாமல் வரும், அதே வரியில் "வாழ்க்கை" "வாழ்கை" ஆகியிருக்கும், "முயற்சி" "முயர்ச்சி" ஆகியிருக்கும். முன்னதைத் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தீட்டியது, பின்னதைத் தெரிந்த சொல்தானே என்று பார்க்காமல் எழுதியது. இன்னொன்று கண் தாவல். அடுத்தடுத்த இரண்டு வரி ஒரே சொல்லில் தொடங்கினால் நடுவில் ஒரு வரி விடுபட்டிருக்கும், வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். சொந்தமாக எழுதும் பிள்ளைக்கு இந்தப் பிழை வராது.

சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் போதும். நோட்டை மூடச் சொல்லி, "இரண்டாம் பத்தியில் என்ன எழுதினாய்?" என்று கேட்பது. பிறகு திறந்து, ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, "இந்த இடத்தில் வேறு ஒன்று எழுது" என்பது. எழுதியவருக்கு மாற்று வாக்கியம் வரும். இதைத் தண்டனை மாதிரிச் செய்யாமல் எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும். நாற்பது பிள்ளைக்கு எண்பது நிமிடம், அதாவது இரண்டு பீரியட். யார் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

மொட்டைமாடி | ஜூலை 7, மதியம் 12.20

அந்த "மூளை மழுங்கும்" ஃபார்வர்டும் ஏதோ அமெரிக்க ஆய்வுன்னுதான் போட்டிருக்கு.

ழகரம் | ஜூலை 7, மதியம் 2.00

எம்ஐடி மீடியா லேப், 2025 ஜூன். 54 பேர், எல்லாரும் 18-லிருந்து 39 வயசு வரை. சின்னப் பசங்க ஒருத்தர் கூட இல்ல. தலையில மின்முனை வச்சுக் கட்டுரை எழுத வச்சாங்க. ஒரு கூட்டத்துக்குச் சாட்ஜிபிடி, ஒரு கூட்டத்துக்குக் கூகுள் தேடல், ஒரு கூட்டத்துக்கு ஒண்ணுமில்ல. வெளியிட்டப்போ சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத வரைவு அது. மழுங்கிச்சுன்னு அவங்க சொல்லல. ஆனா ஒண்ணு கவனிக்கணும்: சாட்ஜிபிடி கூட்டத்துல ரொம்பப் பேருக்குத் தான் அப்பதான் எழுதின கட்டுரையில இருந்து ஒரு வரி சரியாச் சொல்ல வரல. ஐயா சொன்ன "நோட்டை மூடிட்டுக் கேள்" கிட்டத்தட்ட அதேதான், மின்முனை இல்லாம.

இரட்டைக்கோடு (சிறப்புக் கல்வி) | ஜூலை 8, இரவு 7.45

எல்லாரும் கை சரியாக எழுதும் பிள்ளையை வைத்தே பேசுகிறீர்கள். டிஸ்கிராஃபியா (கையால் எழுதுவதில் சிரமம்), டிஸ்லெக்சியா (படிப்பதில் சிரமம்) இருக்கும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. அங்கே நாலு வேலையும் நன்றாகத் தெரிந்து ஐந்தாவதான கையெழுத்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அவர்களுக்குக் குரல் தட்டச்சு ஊன்றுகோல், ஏமாற்று இல்லை.

எப்படி: போன் விசைப்பலகையில் தமிழ் (இந்தியா) சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேச வேண்டும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் மட்டும். முற்றுப்புள்ளி பெரும்பாலும் தானாக வராது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்திப் புள்ளியும் புது வரியும் தட்ட வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். "மழை" "மலை" ஆகும், ண-ன குழம்பும், "வந்துச்சு" ஒரு வரியில் ஒரு மாதிரி விழும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கும் "செலக்ட் டு ஸ்பீக்" வசதியில் திருப்பிப் படிக்க வைக்க வேண்டும். தன் வாக்கியத்தைக் காதால் கேட்கும் பிள்ளை "ஐயே, இது நான் சொல்லலையே" என்று தானே பிடித்துவிடும். பார்த்துப் பிடிக்க முடியாத பிழையைக் கேட்டுப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கும். மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அங்கே மைக் இருக்காது, ஒரு மனிதர் இருப்பார். அவருக்குச் சொல்லச் சொல்ல எழுத முடிய வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருமுறை போனுக்குப் பதில் ஆளிடம் சொல்லிப் பழகட்டும். போன் "ம்ம்... இல்ல இல்ல, அதை அடிச்சிடுங்க"வைப் பொறுத்துக்கொள்ளும். தேர்வறையில் நேரம் பொறுக்காது.

சிவப்புமை | ஜூலை 8, இரவு 9.00

"எட்டாம் வகுப்பு வரை வேண்டவே வேண்டாம்" என்று ஒரே கோடாகப் போட்டது தப்பு. இரட்டைக்கோடு மேடம் சொன்னதைப் படித்ததும் திருத்திக்கொள்கிறேன். வகுப்பை வைத்துக் கோடு போடக் கூடாது. இருபது நிமிடத்தில் எண்பது சொல், போன் இல்லாமல், தான் பார்த்த ஒன்றைப் பற்றிப் பிள்ளையால் சொல்லவோ எழுதவோ முடிகிறதா? முடிந்தால் மேற்கொண்டு பேசலாம். முடியாவிட்டால், எந்த வகுப்பாக இருந்தாலும் ஏஐ வேண்டாம்.

மொட்டைமாடி | ஜூலை 9, காலை 8.10

இருபது நிமிஷத்துல எண்பது சொல் வருதுன்னே வச்சுக்குவோம். அப்புறம்? அந்த "மேற்கொண்டு" என்ன? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.

சிவப்புமை | ஜூலை 9, இரவு 10.40

அன்று நாலு வேலை என்றேன். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்: வேறொருவர் படித்துவிட்டுப் "புரியலையே" என்று கேட்பது. அந்த ஒரு இடத்தில் ஏஐயை உட்கார வைக்கலாம்.

ஒரு முழுத்தாள். வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு மடித்துக் கோடு. பென்சில்.

முதல் ஐந்து நிமிடம் எழுதக் கூடாது. தாளின் பின்புறம், தலைப்பைப் பற்றிப் பார்த்தது, கேட்டது, படித்தது என்று ஏழெட்டுச் சொல். வாக்கியம் வேண்டாம். "கொசு பேட், கால்வாய், செருப்பு, ஆவின் வண்டி." அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடித்துவிட வேண்டும். இங்கேதான் நிறையப் பிள்ளைகள் திணறும், எல்லாவற்றையும் போட ஆசைப்படும். மூன்றுக்கு மேல் விடாதீர்கள்.

அடுத்த இருபது நிமிடம் வரைவு. பேச்சுத் தமிழில் வந்தாலும் எழுதட்டும். ரப்பர் கிடையாது, அடித்தல் மட்டும்.

பிறகு நீங்கள், பிள்ளை இல்லை, அதை அப்படியே பிழையோடு உங்கள் போனில் தட்ட வேண்டும். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு. போட்டோ எடுத்துப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம். கையெழுத்தைப் படிக்கும்போதே பிழையை மனசுக்குள் திருத்திக்கொண்டு படித்துவிடும், புரியாத சொல்லை ஊகித்துவிடும், பிறகு "பிழை இல்லை" என்று சான்றிதழ் கொடுக்கும்.

அதற்கு மேல் இந்தக் கட்டளை:

"நீ இந்தக் கட்டுரையின் வாசகர். ஒரு வாக்கியம்கூட எழுதித் தராதே. திருத்தாதே. பாராட்டாதே. உனக்குப் புரியாத அல்லது இன்னும் தெரிந்துகொள்ள விரும்பும் மூன்று இடங்களைக் கேள்வியாகக் கேள். கேள்விகள் யார், எங்கே, எத்தனை, எப்போது என்று இருக்கட்டும். 'எப்படி உணர்ந்தாய்' என்று கேட்காதே. மூன்று கேள்வியோடு நிறுத்து."

"பாராட்டாதே" ஏன் என்றால், சொல்லாவிட்டால் "அருமையான கட்டுரை!" என்றுதான் ஆரம்பிக்கும். எதைக் கொடுத்தாலும் அருமைதான். "எப்படி உணர்ந்தாய்" ஏன் தடை என்றால், அதற்குப் பிள்ளை "மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்தேன்" என்று எழுதும். அந்த வாக்கியத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

மூன்று கேள்வியையும் வலப்பக்கம் எழுதிக்கொண்டு போனை மூடிவிடுங்கள். இது முக்கியம். பதிலைப் போனில் தட்டினால் இரண்டாவது சுற்றிலேயே "இதோ மேம்படுத்திய வடிவம்" என்று முழுக் கட்டுரையை நீட்டும். "எழுதித் தராதே" என்று சொன்னது பேச்சு நீள நீள மறந்துபோகும். பதில் தாளில்தான், பிள்ளையின் கையால். கொசு பேட் விற்பவர் எங்கே நிற்பார்? எத்தனை மணிக்கு? பிள்ளைக்குத் தெரிந்தால் எழுதும், தெரியாவிட்டால் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும்.

அப்புறம் இரண்டாம் வரைவு, நீல மை. கடைசியாக வாணி, நாவி.

மொத்தம் ஒரு மணி நேரம். தினமும் நடக்காது. மாதம் இரண்டு நடந்தால் நல்லது.

ழகரம் | ஜூலை 9, இரவு 11.20

ரெண்டு சேர்க்கை.

பேர், ஸ்கூல், தெரு, எதுவும் உள்ளே போகக் கூடாது. கட்டுரையில "எங்கள் தெரு"ன்னே இருக்கட்டும். சாட்ஜிபிடியில அமைப்புகள், டேட்டா கன்ட்ரோல்ஸ் போய் "இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவரிஒன்" அணைச்சிடுங்க, இல்லாட்டி பிள்ளை எழுதினது பயிற்சிக்குப் போகலாம். அவங்க விதிப்படி 13 வயசுக்குக் கீழ கூடாது, 18 வரை பெற்றோர் சம்மதம் வேணும். யுனெஸ்கோ 2023-ல விட்ட வழிகாட்டியும் வகுப்பறையில 13-க்குக் கீழ வேணாம்னுதான் சொல்லுது. நம்ம 2023 தனிநபர் தரவுச் சட்டத்துல குழந்தைன்னா 18-க்குக் கீழ. அதனாலதான் ஐயா "நீங்க தட்டுங்க"ன்னு சொல்றது ரெண்டு விதத்துலயும் சரி.

வாட்ஸப்ல இருக்கிற அந்த நீல வளையம் மறந்துடாதீங்க. ஹோம்வொர்க் பார்க்கணும்னு உங்க போனை வாங்கினா, ஏஐ அங்கயே உக்காந்திருக்கு. போனைக் கொடுக்காம ஹோம்வொர்க்கைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க.

மொட்டைமாடி | ஜூலை 10, காலை 7.00

எங்க பக்கத்து ஃப்ளாட்ல தெலுங்குக்காரங்க. அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவங்க எப்படித் தட்டுவாங்க?

இரட்டைக்கோடு | ஜூலை 10, காலை 9.30

தட்ட வேண்டாம். பிள்ளை வரைவைச் சத்தமாகப் படிக்கட்டும், அந்த அம்மா காதால் கேட்டுவிட்டு அதே மூன்று கேள்வி கேட்கட்டும். யார், எங்கே, எத்தனை. தமிழ் படிக்கத் தெரியாத வாசகர்தான் ஒரு வகையில் இன்னும் நல்லவர். எழுத்துப்பிழையில் விழ மாட்டார், விஷயத்தில் விழுவார். ஏஐ இல்லாமலே வேலை முடிந்தது. பிழை பார்க்க மட்டும் பள்ளி.

சிவப்புமை | ஜூலை 10, இரவு 9.15

இதைப் படித்த பிறகு, நேற்று நான் கொடுத்த அத்தனை நீளக் கட்டளை எதற்கு என்று தோன்றுகிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் சரிபார்ப்பு ஒன்று பாக்கி. ஏஐயோ, நோட்ஸோ, மாமாவோ, எங்கிருந்து வந்தாலும் கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு எழுத்து: பார்த்தது "பா", கேட்டது "கே", படித்தது "ப". எழுத்துப் போட முடியாத வட்டம் அடிபடும்.

மழைக் கட்டுரைக்கே பாருங்கள். பொதுவாகக் கேட்டால் ஏஐ "ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் ஊர் குளிர்ச்சியடைகிறது" என்று எழுதும். சென்னைக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவம். ஜூனில் இங்கே வெயில்தான், சொட்டு மழை கிடையாது. செம்பரம்பாக்கம் உபரி நீர் கூவத்தில் கலக்கிறது என்று இருந்தால் அதுவும் வட்டம். அது அடையாற்றுக்குப் போவது. 2015 டிசம்பரை வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் "கே" போடலாம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. அதற்கு அபார்ட்மென்ட் மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று போய்ப் பார்த்தால் "பா".

ழகரம் | ஜூலை 10, இரவு 9.40

"ஜூனில் சொட்டு மழை கிடையாது" வட்டம் போடுங்க ஐயா. சாயங்கால இடிமழை ஜூன்லயிருந்து செப்டம்பர் வரை சென்னைக்கு நல்லாவே வரும். பெரும்பங்கு வடகிழக்குங்கிறது சரி. "கிடையாது" சரியில்ல.

சிவப்புமை | ஜூலை 10, இரவு 9.45

இப்போதுகூட வெளியே இடிக்கிறது. "பா" போட்டுத் திருத்திக்கொள்கிறேன்.

மொட்டைமாடி | ஜூலை 12, இரவு 8.50

தாள் மடிச்சாச்சு. ரெண்டு விரல் அகலம் பத்தல, கேள்வி மூணும் பதிலும் நெருக்கியடிக்குது.

இரட்டைக்கோடு | ஜூலை 12, இரவு 9.05

தாளைப் படுக்கையாகத் திருப்பி நடுவில் மடியுங்கள். இடப்பாதி வரைவு, வலப்பாதி கேள்வி-பதில். எழுத்துப் பெரிதாக எழுதும் பிள்ளைக்கு இதுதான் வசதி. வரைவு வரி விட்டு வரி எழுதினால் நடுவில் செருகவும் இடம் கிடைக்கும்.

மொட்டைமாடி | ஜூலை 12, இரவு 9.20

இன்னொரு சந்தேகம். கொசு பேட்னு எழுதினா மார்க் குறைப்பாங்களா? ஏஐ "மின்கொசு ஒழிப்பான்"னு போடச் சொல்லுது.

சிவப்புமை | ஜூலை 12, இரவு 9.30

தெருவில் யாராவது "மின்கொசு ஒழிப்பான், மின்கொசு ஒழிப்பான்" என்று கூவி விற்றால் போடலாம். கொசு மட்டை என்று எழுதட்டும்.

ழகரம் | ஜூலை 12, இரவு 9.32

எங்க ஏரியாவுல "கொசு பேட்டு"ன்னுதான் கத்துவாரு.

சிவப்புமை | ஜூலை 12, இரவு 9.34

மேற்கோள் குறிக்குள் போட்டு, அவர் கத்துவதாகவே எழுதிவிடட்டும். மார்க் குறைய வழியில்லை.